நாலு நாள் மாத்தாள்

உங்கள் முகத்தைக் காட்டினால்தான் வேலை. வேலை கொடுப்பவரின் முகத்தை மட்டும் நீங்கள் ஒருநாளும் பார்க்க முடியாது. இப்படி ஒரு வேலையில் ஐந்து வருடம் உட்கார்ந்திருப்பீர்களா?

மாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் கரையாம்புத்தூர் செல்வகுமாரியைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் உட்கார்ந்திருந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானாகவே போய் அந்த மடிக்கணினியின் முன்னால் உட்காருவார்.

செல்வகுமாரிக்கு வயது முப்பத்து நான்கு. தாவரவியலில் பட்டம். கணவர் தேவேந்திரன் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். ஒரே மகள் சரண்யா ஆறாம் வகுப்பு. அம்மா சின்னப்பிள்ளை நாற்பது வருடம் நடவு நட்டு, களையெடுத்து, முதுகு இனி வளையாது என்றான பிறகு மகளோடு வந்து இருக்கிறார். காலனியில் கடைசிக்கு முந்தின வீடு.

வேலை இதுதான். இணையத்தில் ஒரு நிறுவனம் பெரிய வேலை ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி உலகம் முழுவதும் போடுகிறது. எந்த ஊரில் இருப்பவரும் எடுத்துச் செய்யலாம். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. செல்வகுமாரிக்கு வந்தவை சாலைப் படங்கள். எங்கோ ஒரு நாட்டின் தெரு. அதில் கார், சைக்கிள், நடந்து போகிற மனிதர். ஒவ்வொன்றையும் சுற்றிச் சரியாகக் கட்டம் போட வேண்டும். ஓட்டுநர் இல்லாமல் ஓடப் போகும் கார், தன் எதிரே வருவது மனிதரா மரமா என்று இந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

"படத்துல கட்டம் கட்றதுக்குக் காசு குடுக்கறானா? எவன்டி அவன், வேல இல்லாதவன்?" என்று தேவேந்திரன் முதல் மாதம் கேட்டார். இரண்டாவது மாதம் கேட்கவில்லை. மூன்றாவது மாதம், செல்வகுமாரி உட்கார்ந்திருக்கும்போது டிவியின் சத்தத்தை அவரே குறைத்துவைத்தார்.

போன ஆண்டு ஒருநாள் படங்களுக்கு நடுவே வேறு மாதிரி ஒரு துண்டு வேலை வந்தது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வி: இந்த வேலையை ஏன் செய்கிறீர்கள்? கீழே விடைகளையும் அவர்களே கொடுத்திருந்தார்கள். கூடுதல் வருமானத்துக்காக. ஓய்வு நேரத்தைப் பயன்படுத்த. புதிய திறன் கற்க. பொழுதுபோக்காக. மற்றவை. செல்வகுமாரி முதல் விடையைத் தொட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். போனாரே தவிர மனம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. வருமானம் என்பது உண்மை. ஆனால் "கூடுதல்" என்றால் எதற்கு மேல் கூடுதல்? ஓய்வு நேரம் என்றால் அது எப்போது வருகிறது?

அவர் எழுதாமல் விட்ட விடையை நான் சொல்கிறேன். பட்டம் வாங்கிய கையோடு செல்வகுமாரி வில்லியனூரில் ஒரு இரும்புக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். முதல் இரண்டு நாள் எல்லாம் சரியாக நடந்தது. மூன்றாம் நாள் முதலாளி, "கரையாம்புத்தூர்னு சொன்னியே, அதுல எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். பக்கத்தைச் சொன்னார். அன்று மாலை எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளரில் டீ வந்தது. இவருக்குப் பேப்பர் கப்பில் வந்தது. யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. அந்த வாரக் கூலியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நின்றவர், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண்ணிடம் தாவரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் தெருவைப் பற்றிக் கேட்கிற ஊர் நம் ஊர்.

கணினித் திரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கட்டம் சரியா, தவறா. அவ்வளவுதான் அதற்கு வேண்டும். நூறு படத்தில் தொண்ணூற்றேழு சரி என்றால் மதிப்பெண் தொண்ணூற்றேழு. காலனியில் இருந்து போட்ட கட்டம் என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைக்காது. ஐந்து வருடத்தில் அந்தத் தொண்ணூற்றேழைச் சேர்த்து, நல்ல வேலைகள் முதலில் வந்து சேரும் மேல்வரிசைக்குப் போயிருந்தார் செல்வகுமாரி. அவர் வாழ்க்கையில் யாரும் சந்தேகத்தோடு பார்க்காத ஒரே சான்றிதழ் அந்த எண்தான்.

அந்த எண்ணுக்குத்தான் ஆபத்து வந்தது. ஐப்பசி மழையில் சரண்யாவுக்குக் காய்ச்சல் கண்டு, டெங்கு என்று உறுதியாகி, நகரத்து அரசு மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார்கள். குறைந்தது நாலு நாள். செல்வகுமாரியின் கையில் அப்போது ஒரு தொகுதி வேலை இருந்தது. தினமும் நூற்றைம்பது படம். ஒருநாள் விட்டால் தொகுதி வேறு கைக்குப் போய்விடும். ஒரே வருடத்தில் இரண்டு முறை அப்படிப் போனால் மேல்வரிசையில் இருந்து இறக்கிவிடுவார்கள். அந்த வருடம் தேவேந்திரனின் அப்பா இறந்தபோது ஏற்கெனவே ஒருமுறை போயிருந்தது.

இந்த இடத்தில் நடவு வேலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்கள் கூட்டாகத்தான் நடவுக்குப் போவார்கள். இருபது பேர் என்று மேஸ்திரி நிலத்துக்காரரிடம் சொல்லியிருந்தால் இருபது பேர் சேற்றில் இறங்க வேண்டும். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் தன் இடத்துக்கு இன்னொருத்தியை அனுப்பலாம். அவளுக்கு மாத்தாள் என்று பெயர். மாத்தாள் இறங்கிவிட்டால் இடம் போகாது. உடம்பு தேறி வந்ததும் அதே வரிசையில் நின்றுகொள்ளலாம். இதை ஏமாற்று என்று எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை. சின்னப்பிள்ளைக்கு ஒருமுறை காலில் அரிவாள் பட்டுப் படுத்தபோது, பதினேழு நாள் மாத்தாளாக இறங்கியவர் எதிர்வீட்டு பாக்யலட்சுமி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இப்போது பாக்யலட்சுமிக்கு நாற்பது வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற படிப்பு. மத்தியான வேளையில் செல்வகுமாரியின் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்ப்பார். "அதோ, மரத்துக்குப் பின்னால ஒரு கேழவன் நிக்கிறான், உட்டுட்டியே" என்று காட்டிக்கொடுப்பார். சும்மா இருக்க முடியாமல் சில படங்களுக்குத் தானே கட்டம் போட்டுக் கற்றுக்கொண்டும் இருந்தார்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது செல்வகுமாரி எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

"பாக்கியக்கா, நாலு நாளைக்கு என் எடத்துல ஒக்காந்துக்கிறியா?"

"ஒக்காந்துக்கினே செய்யற வேலைக்கு மாத்தாளா? குடுடி. இதுக்குன்னே பொறந்தவ நானு. நீ புள்ளையப் பாரு."

இரண்டாம் நாள் மருத்துவமனைக்குப் போன் வந்தது.

"ஏன்டி செல்வி, இன்னாடி இந்த ஊரு, ரோடு பூரா உப்பக் கொட்டி வெச்சிருக்கான்?"

"உப்பு இல்லக்கா, பனி."

"பனியா? மார்கழியில நம்மூர்லயுந்தான் பேயுது. வாரிக் குமிச்சு வெக்கிற மாதிரியா பேயும்? சரி, புள்ள கஞ்சி குடிச்சாளா?"

மூன்றாம் நாள் மதிப்பெண் தொண்ணூற்றெட்டு ஆனது. அன்று வந்த ஒரு படத்தில், நிறுத்தியிருந்த லாரி ஒன்றுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாகக் குனிந்து எதையோ வாரிக்கொண்டிருந்த ஒருவர். படத்தில் முதுகு மட்டும் ஒரு விரல்கடை தெரிகிறது. அதே படத்தைப் பார்த்த வேறு மூன்று பேர் அதைக் குப்பை மூட்டை என்று விட்டிருந்தார்கள். பாக்யலட்சுமி கட்டம் போட்டு, மனிதர் என்று குறித்திருந்தார். நிறுவனத்தில் இருந்து பாராட்டு ஒன்று செல்வகுமாரியின் போனுக்கு வந்தது.

"எப்படிக்கா கண்டுபுடிச்ச?"

"இன்னாடி கேள்வி இது. குனிஞ்ச முதுகு எனக்குத் தெரியாதா?"

நாலாம் நாள் திரையில் ஒரு வட்டம் வந்து, முகத்தைக் காட்டச் சொன்னது. சில மாதங்களுக்கு ஒருமுறை அப்படிக் கேட்கும். செல்வகுமாரி அதை மறந்தே போயிருந்தார். பாக்யலட்சுமிக்கு அது ஒரு பெருமை. வேலை நன்றாக இருந்ததால் ஆளைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எழுந்து போய் முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, டியூப் லைட்டையும் போட்டுக்கொண்டு வந்து வட்டத்துக்குள் முகத்தை நிறுத்திச் சிரித்தார். சிவப்பு எழுத்து வந்தது. வெளிச்சம் போதவில்லை போல என்று ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி காட்டினார். மூன்றாவது முறை சிரிக்காமல் காட்டினார். திரை மூடிக்கொண்டது.

"மூணு வாட்டி காட்டிட்டேன்டி. என் மூஞ்சி அவனுக்குப் புடிக்கல" என்று போனில் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

சரண்யா தேறி வீட்டுக்கு வந்தாள். நிறுவனத்தில் செல்வகுமாரியின் கணக்கு திறக்கவில்லை. வேறு நபர் பயன்படுத்தியதால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி மட்டும் திரையில் நின்றது.

"கண்ணு பட்டுச்சு" என்றார் சின்னப்பிள்ளை. "சனிப் பார்வ சரியில்ல. வெள்ளிக்கெழம வில்லியனூர் கோயிலுக்குப் போயி ஒரு தேங்கா ஒடச்சிட்டு வந்துடறேன்."

"அத்த, தேங்கா ஒடச்சா அந்தப் பொட்டி என்னையச் செல்வின்னு ஒத்துக்குமா?" என்று பாக்யலட்சுமி கேட்டார். சின்னப்பிள்ளை அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. தேங்காய் வாங்கவும் இல்லை.

கணக்கை மூடியது எந்தக் கிரகமும் இல்லை, ஒரு விதி. ஒரு கணக்கை ஒருவர்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி. அதற்குக் காரணமும் இருக்கிறது. நல்ல மதிப்பெண் உள்ள கணக்குகளை விலைக்கு விற்கிறவர்கள் உண்டு. ஆனால் விதியை எழுதியவர் ஒரு மனிதர். கணக்கை விற்றவருக்கும், பிள்ளையின் காய்ச்சலுக்காக நாலு நாள் மாத்தாள் வைத்தவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால், அதைக் கேட்பதற்கும் ஒரு மனிதர் வேண்டும். நடவு வயலில் அந்த மனிதர் வரப்பில் நிற்பார். நல்லவரோ கெட்டவரோ, நின்று திட்டுவார். நாமும் திருப்பிப் பேசலாம். இங்கே வரப்பில் யாரும் இல்லை.

முறையீடு செய்ய ஒரு படிவம் இருந்தது. முழுவதும் ஆங்கிலம். நெட்டப்பாக்கத்தில் இணைய சேவை மையம் வைத்திருக்கும் எழிலரசனிடம் இரண்டு பெண்களும் போனார்கள். அவர் இருபத்தாறு வயதுப் பையன். இந்தப் படிவத்தைப் பலருக்கு நிரப்பிக் கொடுத்தவர்.

"மூணுல ஒண்ணு தொடணும் அக்கா" என்று படித்துக் காட்டினார். "எனக்குத் தெரியாம வேற ஒருத்தர் பூந்து பயன்படுத்திட்டாங்க. இது ஒண்ணு. நானே தெரிஞ்சு குடுத்தேன். இது ரெண்டு. மிஷின் கோளாறு. இது மூணு. மொதலாவத தொடுங்க. எல்லாரும் அதான் பண்றாங்க. மூணு நாள்ல தொறந்துடும்."

செல்வகுமாரி முதலாவதைத் தொட்டார். அடுத்த பக்கம் வந்தது. அனுமதி இல்லாமல் நுழைந்தவரின் பெயர் கேட்டது. அந்த நபரின் முகம் இனி எந்த வேலைக்கும் ஏற்கப்படாது, சம்மதமா என்றும் கேட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் இருந்து திரும்பிய அன்று பாக்யலட்சுமி கேட்டிருந்தார்: "எம் பேர்லயும் ஒரு கணக்கு தொறந்து குடுக்க முடியுமாடி?" கேட்டுவிட்டு, அதைத் தானே விளையாட்டுப் போலச் சிரித்து மாற்றியும் இருந்தார்.

இப்போது அதே பாக்யலட்சுமி, "போட்டுத் தொலடி. எம் மூஞ்சிய எவன் கேக்கப் போறான்? எனக்குக் களையெடுக்கற களக்கொட்டு இருக்கு" என்றார்.

"நீ திருடுனியாக்கா?"

"இல்ல."

"அப்ப நான் எதுக்கு அப்படி எழுதணும்?"

"பொழைக்கிறதுக்குடி. அஞ்சு வருசம் ஒழச்சிருக்க."

"எங்கம்மா காலு ஆர்ற வரைக்கும் பதினேழு நாள் எறங்குனியே. அப்ப மேஸ்திரி வந்து, இவ திருட்டுத்தனமா எறங்கிட்டான்னு சொல்லியிருந்தா எங்கம்மா ஆமான்னு சொல்லியிருக்குமா?"

"ஒங்கம்மாவா? நொண்டிக்கினே வந்து அவன் வேட்டிய உருவியிருக்கும்."

எழிலரசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செல்வகுமாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தின பக்கத்துக்குப் போய் இரண்டாவதைத் தொட்டார். நானே தெரிந்து கொடுத்தேன்.

"அக்கா, யோசிச்சுக்கோங்க. இதத் தொட்டு யாருக்கும் தொறந்தது இல்ல" என்றார் எழிலரசன்.

விளக்கம் எழுத ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. எழிலரசன் எழுதித் தருவதாகச் சொன்னதை மறுத்து, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு செல்வகுமாரியே எழுதினார். மகளுக்குக் காய்ச்சல் என்று எழுதினார். எங்கள் ஊரில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் அவர் இடத்தில் நிற்பார் என்று எழுதினார். அந்த நாலு நாளில் மதிப்பெண் ஏறியதையும், லாரிக்குப் பின்னால் குனிந்திருந்த மனிதரையும் எழுதினார். உங்கள் விதியை முழுதாகப் படிக்காதது என் தவறு. தண்டனை இருந்தால் எனக்குக் கொடுங்கள், அவருக்கு வேண்டாம் என்று முடித்தார். அனுப்பினார்.

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. இந்த முடிவு இறுதியானது. கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் "குழு" என்று இருந்தது.

இரண்டு பேரும் பேருந்தில் திரும்பினார்கள். மடுகரை தாண்டியதும் பாக்யலட்சுமி, "பைத்தியக்காரி" என்றார். செல்வகுமாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வூட்டுக்குப் போனதும் உன் ஆதார் கார்ட எடுத்து வெய்யி" என்றார்.

இப்போது அதே நிறுவனத்தில் பாக்யலட்சுமிக்குத் தன் பெயரில், தன் முகத்தோடு ஒரு கணக்கு இருக்கிறது. அண்ணன் மகளின் பழைய மடிக்கணினி. செல்வகுமாரி வேறொரு நிறுவனத்தில் அடிமட்டத்தில் இருந்து, மதிப்பெண் இல்லாதவராகத் தொடங்கியிருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன் செய்த அதே எளிய வேலை. அதே சின்னக் கூலி. தன் கணக்கு மூடப்பட்ட நாளில் இருந்து ஒரு நோட்டில், அக்கம்பக்கத்து ஊர்களில் இப்படி விசாரணை இல்லாமல் மூடப்பட்டவர்களின் பெயர்களை எழுதிவருகிறார். பாகூரில் நாலு பேர். திருக்கனூரில் இரண்டு பேர். எழிலரசனின் மையத்துக்கு வந்தவர்களையும் சேர்த்தால் இருபத்து மூன்று. அதில் பதினேழு பேர் பெண்கள்.

போன மாதம் பாக்யலட்சுமி மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்தார். அந்தப் பழைய கேள்வி இப்போது அவருக்கு வந்திருந்தது. இந்த வேலையை ஏன் செய்கிறீர்கள்? அதே ஐந்து விடைகள். செல்வகுமாரி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

"இதுல எதுவும் இல்லியேடி."

"மற்றவைன்னு இருக்குக்கா. அதுல நீயா சொல்லலாம். இன்னா எழுதட்டும்?"

பாக்யலட்சுமி சொன்னார்:

"குனியாம செய்யலாம்னு எழுது."

செல்வகுமாரி அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினார். எழுதிவிட்டு, தன் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில், தொழிலாளர் துறைக்கு எழுதிக்கொண்டிருந்த மனுவின் மேலே அந்த வரியைச் சேர்த்தார். மனு நீளம் இல்லை. இந்த வேலையையும் வேலை என்று பதிவு செய்யுங்கள். ஒருவரின் கணக்கை மூடுவதற்கு முன்னால் பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதர் அவர் சொல்வதை அவருடைய மொழியில் கேட்க வேண்டும் என்று சட்டம் செய்யுங்கள். கேட்டிருப்பது இந்த இரண்டு மட்டும்.

உங்கள் தெருவிலும் ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ ஓட்டப் போகும் காருக்குக் கண் கொடுத்துக்கொண்டிருப்பார். இன்று போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். இந்த வேலையை ஏன் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். விடையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் கணக்கு மூடப்பட்டிருந்தால் அவர் பெயரை எழுதிக்கொண்டு நெட்டப்பாக்கம் மையத்துக்கு வாருங்கள். எழுதி முடித்த மனு இப்போது அங்கேதான் மேசைமேல் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே உங்கள் கையெழுத்தையும் போடுங்கள்.